இது மூக்குப்பேணி, வாத்து இல்லை

"இது என்ன பிள்ளை, வாத்தே?"

என் கொப்பியைப் பார்த்து அம்மம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். நான் கீறியிருந்தது அவவுடைய மூக்குப்பேணி. பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: பித்தளையில் செய்த, பக்கத்தில் ஒரு சின்ன மூக்கு வைத்த, வாயில் படாமல் அண்ணாந்து குடிக்கிற பாத்திரம். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கலாம். பெரும்பாலும் ஷோகேஸில், யாரும் தொடாத இடத்தில், ஈபிள் டவர் பொம்மைக்குப் பக்கத்தில்.

திரும்பவும் கொப்பியைப் பார்த்தேன். உண்மைதான். வாத்துத்தான்.

எனக்குக் கீறத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஆர்ட் பாடத்தை விடலாம் என்று சொன்ன அன்றைக்கே விட்டவர்களில் நானும் ஒரு ஆள். எங்கள் வீடுகளில் இது எப்படி முடிவாகும் என்று உங்களுக்குத் தெரியும். யாரும் தடை போடமாட்டார்கள். "கீறு, கீறு, சோதனை முடியக் கீறு" என்பார்கள். சோதனை முடிவதே இல்லை. இப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஒரு வருடத்துக்கு முன்புதான் பன்னிரண்டு நிறம் உள்ள சின்ன வோட்டர்கலர் பெட்டி ஒன்றும், ஒரு கறுப்பு மைப் பேனையும், தடித்த தாளில் ஒரு கொப்பியும் வாங்கினேன். அம்மம்மா விலையைக் கேட்டா. சொன்னேன். "உந்தக் காசுக்கு நல்ல விளைமீன் வாங்கியிருக்கலாம்" என்றா.

வாங்கியதற்குக் காரணம் அவதான். அம்மம்மா ஈஸ்ட்ஹாமில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாம் மாடியில், இருபத்திரண்டு வருடமாகத் தனியாக இருந்தவ. முழங்கால் இனிப் படி ஏறாது என்று ஆனதும், சித்திரை வருடப்பிறப்போடு ஹரோவில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவா என்று அம்மாவும் மாமாவும் முடிவெடுத்தார்கள். அவவைக் கேட்டும் கேட்காமலும்தான். எங்கள் வீட்டில் ஏற்கனவே ஒரு குசினி இருக்கிறது. ஆகவே அந்தக் குசினி தேவையில்லை. சாமான்களில் பாதி சரிட்டிக் கடைக்கு, மிச்சம் குப்பைக்கு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் நியாயமான முடிவுதான்.

ஆனால் நான் ஐந்து வயதிலிருந்து சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்து போய்ச் சாப்பிட்ட குசினி அது. அதைக் கீறி வைக்கவேண்டும் என்று தோன்றியது. படம் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்தேன். என் போனில் அந்தக் குசினியின் படங்கள் நிறைய இருக்கின்றன. ஒன்றையும் நான் திரும்பிப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலையில் ஹரோவில் மெட்ரோபொலிட்டன் லைனில் ஏறி, லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் மாறி, ஈஸ்ட்ஹாமில் இறங்கி, ஹைஸ்ட்ரீட் நோர்த் வழியாக நடந்து போவேன். குசினி மேசையில் ஒரு மூலையைத் துடைத்துவிட்டு உட்காருவேன். ஒரு நாளுக்கு ஒரு சாமான். அவ்வளவுதான் திட்டம்.

இரண்டாவது கிழமை ரைஸ் குக்கர். பேனையால் கோடு போட்டு, மேலே தண்ணீர் நிறத்தைத் தடவினேன். கோடு முழுக்கக் கரைந்து நீலமாக ஓடியது. குக்கர் மழையில் நனைந்த மாதிரி ஆகிவிட்டது. பேனை மையெல்லாம் ஒன்றல்ல என்று அன்றைக்குத்தான் படித்தேன். பள்ளிக்கூடப் பேனையின் மை தண்ணீரில் கரையும். நிறம் தீட்டுவதற்குக் காய்ந்தபின் கரையாத மை வேண்டும். அந்த வகையில் பழையது 'இந்தியன் இங்க்', விளக்குக் கரி போன்ற கரித்தூளில் செய்வது. பெயர்தான் இந்தியன், சீனாவிலும் அது மிகப் பழையது. பிரெஞ்சுக்காரர் அதையே சீன மை என்கிறார்கள். யார் கையால் தங்களிடம் வந்ததோ அவர்களின் பெயரை வைத்துவிடுவது ஐரோப்பியருக்குப் பழக்கம் போல.

நீங்களும் தொடங்குவதாக இருந்தால், நான் காசைக் கொட்டிக் கற்றுக்கொண்டது இதுதான்: கரையாத மை, தடித்த தாள். சதுர மீட்டருக்கு 300 கிராம் என்று அட்டையில் போட்டிருக்கும். மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி வளைந்துவிடும். மற்றதெல்லாம் மலிவாக இருந்தால் போதும். கடைக்காரர் வேறு சொல்வார். கேட்காதீர்கள்.

இந்தச் சின்னப் பெட்டியே லண்டன் சாமான்தான். முன்பெல்லாம் தண்ணீர் நிறம் தீட்ட வேண்டுமென்றால் நிறக்கல்லை அரைத்து, பிசினோடு குழைத்துத் தயாரிக்கவேண்டும். லண்டனில் இருந்த ரீவ்ஸ் சகோதரர்கள் அதைச் சின்னக் கட்டிகளாகச் செய்து விற்றார்கள்; 1781இல் கலைகளை ஊக்குவிக்கும் சங்கம் அவர்களுக்கு வெள்ளிப் பரிசு கொடுத்தது. 1832இல் வின்சர், நியூட்டன் என்ற இரண்டு நண்பர்கள் ரத்போன் பிளேஸில் கடை போட்டார்கள். டொட்டன்ஹாம் கோர்ட் ரோட் ஸ்டேஷனிலிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் அந்தத் தெரு வரும். ஈரத் தூரிகையால் தடவினாலே கரைகிற மெதுவான கட்டிகளை அவர்கள் கொண்டுவந்தபின், யாரும் பெட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போகலாம் என்று ஆனது. அதன்பின் ஓவியர் இல்லாதவர்களும் கீறினார்கள். மிஷனரிமார், அதிகாரிகளின் மனைவிமார், பாட்டிமார், எல்லோரும்.

அதற்கு முன்பே பட்டாளத்தாரும். வுலிச்சில் இருந்த இராணுவக் கல்லூரியில் 1768இல் போல் சாண்ட்பி என்ற ஓவியரைத் தலைமைச் சித்திர வாத்தியாராகப் போட்டார்கள். போட்டோ இல்லாத காலம். ஒரு கோட்டையை, ஒரு கரையை, ஒரு மலையைப் பார்த்துக் கீறத் தெரிந்த அதிகாரி தேவை. அப்படிப் படித்தவர்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் போய் எங்கள் ஊர்களைக் கீறினார்கள். அதனால்தான் இருநூறு வருடத்துக்கு முந்திய எங்கள் கோயில்களும் துறைமுகங்களும் லண்டன் நூலகங்களில் வோட்டர்கலரில் இருக்கின்றன. பார்த்தால் வடிவாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு ஒரு அந்தரம். அந்தப் படங்களில் மனிதர்கள் மூலையில், ஒரு அங்குல உயரத்தில், தென்னையின் அளவைக் காட்டுவதற்காக நிற்பார்கள். அவர்கள் குசினியில் என்ன இருந்தது என்று யாரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. அதே வகைப் பெட்டியை நான் ஈஸ்ட்ஹாமில் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவைக் கீறப் பயன்படுத்துகிறேன் என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் மிளகாய்த்தூள். இதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. சில வருடங்களுக்கு முன் பல்கலைக்கழக வேலை ஒன்றுக்காக அம்மம்மாவிடம் ஊரைப் பற்றிக் கேட்டிருந்தேன். போனை ரெக்கோர்டில் போட்டு முன்னால் வைத்து, கேள்வியெல்லாம் எழுதிக்கொண்டு போனேன். "என்னத்தைச் சொல்ல? இருந்தம், வந்தம்" என்றா. பதினொரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதில் நாலு நிமிடம் நான் சாப்பிட்டேனா என்று அவ கேட்டது.

இப்போது நான் ஒன்றும் கேட்கவில்லை. தலை குனிந்து திருவலையைக் கீறிக்கொண்டிருந்தேன். தேங்காய் திருவுகிற பலகையும் அதன் நுனியில் பூ மாதிரி விரிந்த பல் வைத்த இரும்பும். பல்லை எண்ணி எண்ணிக் கீறவேண்டியிருந்தது, நேரம் எடுத்தது. அம்மம்மா வெங்காயம் உரித்தபடி, யாருக்கோ சொல்வது போல, சொல்லத் தொடங்கினா. அம்மப்பா இரவு கடலுக்குப் போனால் விடியப் பொழுது கரைக்கு வருவார். அதற்கு முன் பிட்டு அவிந்திருக்கவேண்டும். மூன்றரை மணிக்கு எழும்பித் தேங்காய் திருவுவா. அந்தச் சத்தம் கேட்டுத்தான் பக்கத்து வீட்டுக்காரியும் எழும்புவாளாம்.

"அண்டைக்கும் திருவிக்கொண்டுதான் இருந்தனான். பாதித் தேங்காய் கையில. வெளிக்கிடு எண்டு அம்மப்பா ஓடி வந்தார். தேங்காயைத் திருவலைக்குப் பக்கத்தில வைச்சிட்டு வந்திட்டன். பின்னேரம் வந்திடலாம் எண்டுதானே நினைச்சது."

அன்றைக்கு என்றால் 1990 யூன். பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறைப் பக்கத்துச் சனம் ஊரை விட்டு இடம்பெயர்ந்த காலம். அந்த இடம் பிறகு உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டது. பின்னேரம் வரவில்லை. மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சுற்றி ஒரு துண்டு நிலமும் திரும்பக் கிடைத்தது 2017இல்தான்.

நான் பேனையை நிறுத்தாமல் கேட்டேன், "அப்ப இந்தத் திருவலை?"

"இது கொழும்பில வாங்கினது. உனக்கு ஆர் சொன்னது ஊரில இருந்து வந்தது எண்டு?"

அம்மாதான் சொன்னவ. எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நம்பியிருந்தோம். அன்றிரவு அம்மாவிடம் பாதித் தேங்காயைச் சொன்னபோது அவ கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. அந்த நாளில் அம்மாவுக்குப் பதினைந்து வயது. அவவும் அங்கே இருந்தவதான். அவவுக்கே தெரியாது.

ஏன் இப்படி என்று யோசித்துப் பார்த்தேன். முகத்தைப் பார்த்துக் கேட்டால் அது விசாரணை மாதிரி. எங்கள் ஆட்கள் விசாரணையை நிறையப் பார்த்தவர்கள். ஒரு பிள்ளை வேறு எதையோ பார்த்துக்கொண்டு கைவேலையில் இருந்தால், பேச்சு தானாக வருகிறது. காரில் பக்கத்தில் இருந்து போகும்போது அப்பா கதைப்பாரே, அந்த மாதிரி. இன்னொன்று, நான் பிழையாகக் கீறுவது. நன்றாகக் கீறியிருந்தால் அம்மம்மா "வடிவாயிருக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருப்பா. பிழையைக் கண்டால் அவவால் சும்மா இருக்க முடியாது. நீத்துப்பெட்டியின் கூம்பு சரியில்லை. சுளகின் விளிம்பு அப்படி மடியாது. மூக்கு உதில இருந்தால் தண்ணி கழுத்துக்குள்தான் விழும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னாலும் ஒரு கதை வந்தது.

மாசி மாதம் ஒரு தவறு செய்தேன். நிலம் விட்டபின் சொந்தக்காரர் ஒருவர் அங்கே போய் எடுத்து அனுப்பிய போட்டோக்கள் குடும்ப வட்ஸ்அப்பில் இருந்தன. ஒரு கிணறு, பத்தை, அரைச் சுவர். அதைப் பார்த்து ஊர் வீட்டைக் கீறினேன். பச்சை நன்றாக வந்திருந்தது. என் படங்களில் அதுதான் வடிவு என்று நினைத்தேன். அவவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நீண்ட நேரம் பார்த்தா. "இது எங்கட வளவு இல்லை" என்றா. கொப்பியை மூடி என் பக்கம் தள்ளிவிட்டா. அன்றைக்கு வேறு ஒன்றும் கதைக்கவில்லை.

திரும்பி வரும் ரயிலில் எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. பிறகு நினைவுக்கு வந்தது ஒரு புத்தகம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படிப்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், 2011இல் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்று ஒன்று வெளியிட்டிருந்தார். தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. போரில் வீட்டை விட்டு வந்த எண்பது பேரிடம், அந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து கீறச் சொன்னார். இங்கே வாசல், இங்கே அறை, இங்கே கிணறு. அந்தக் கோடுகளும், அதையே கட்டடக்கலைஞர் முறையாகப் போட்டதும், சனாதனனின் சித்திரமும் சேர்ந்ததுதான் புத்தகம். அவர் தானே போய் இடிந்த வீட்டைக் கீறிக்கொண்டு வந்து காட்டவில்லை. பேனையை மற்றவர் கையில் கொடுத்தார். நான் செய்யாதது அதுதான்.

அடுத்த சனிக்கிழமை ஒரு வெற்றுத் தாளை மேசையில் வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. தாள் அரை மணி நேரம் அப்படியே கிடந்தது. பிறகு அம்மம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "பேனையைத் தா" என்றா.

கை நடுங்கியது. ஒரு பெட்டி, அதற்குப் பின்னால் தனியாக ஒரு சின்னப் பெட்டி: அது குசினி. பின்னுக்குக் கிணற்றடி. கிணற்றடிக்குப் போகிற பாதையில் ஒரு வட்டம்: முருங்கை. அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்துக் காட்டினேன். "முருங்கை மற்றப் பக்கம் அம்மா" என்று அம்மா சொன்னா. "உனக்குத் தெரியுமே? நீ நித்திரை கொண்டனீ, நான் காய் பிடுங்கினனான்." கனடாவில் இருக்கும் பெரியம்மாவையும் சேர்த்தோம். அவ முருங்கையே இல்லை, அது அகத்தி என்றா. முக்கால் மணி நேரம் சண்டை. நான் அம்மம்மாவின் கோட்டில் கை வைக்கவில்லை. நிறமும் தீட்டவில்லை. ஓரத்தில் மட்டும் மூவர் சொன்னதையும் எழுதி வைத்தேன்: முருங்கை, மறுபக்கம் முருங்கை, அகத்தி.

இப்படி ஒரு குசினிக்காக இவ்வளவு பாடா என்று நண்பர்கள் கேட்டார்கள். இதே ஊரில் இன்னொரு கதை இருக்கிறது, அதைத்தான் அவர்களுக்குச் சொல்வேன். இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது, குண்டு விழுந்து நாடு அழிந்துவிடலாம் என்ற பயம். நஷனல் கலரியின் இயக்குநராக இருந்த கென்னத் கிளார்க் ஒரு யோசனை கொண்டுவந்தார். ஓவியர்களை அனுப்பி, அழியக்கூடிய சாதாரண இடங்களை வோட்டர்கலரில் கீற வைக்கவேண்டும். 'ரெக்கோர்டிங் பிரிட்டன்' என்று பெயர். 1940 முதல் 1943 வரை 1,500க்கு மேல் படங்கள் சேர்ந்தன. இப்போது அவை வி அண்ட் ஏ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெரிய அரண்மனைகளைவிடக் கிராமத் தெரு, பழைய தேவாலயம், குடிசை வீடு, மதுக்கடை என்று போகிறது அது. கொஞ்சம் அதிகமாகவே வடிவாக்கிவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். ஆட்களும் குறைவு. ஆனாலும் அந்த நெருக்கடிக்குள், காசு ஒதுக்கி, ஒரு தெருவைப் போய் இருந்து பார் என்று ஆட்களை அனுப்பியிருக்கிறார்கள். எங்களுக்கு அப்படி அனுப்ப யாரும் இருக்கவில்லை. 1990 யூனில் மயிலிட்டியில் யாரும் பெட்டியோடு உட்கார்ந்திருக்கவில்லை.

மொத்தம் 19 படங்கள் வந்தன. நன்றாக வந்தது என்று சொல்லக்கூடியவை மூன்று. அதில் ஒன்று ஜன்னலோரம்: கறிவேப்பிலைச் சட்டி, பாத்திரம் கழுவும் திரவப் போத்தல், அதற்கு வெளியே சாம்பல் நிற வானம். அந்தச் சாம்பலுக்குக் கறுப்பு தேவையில்லை. அல்ட்ராமரின் நீலத்தையும் எரிந்த செம்மண் நிறத்தையும் கலந்தால் லண்டன் வானம் வந்துவிடும். அல்ட்ராமரின் என்றால் கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்று அர்த்தம். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்துக் கல்லிலிருந்து எடுத்தார்கள். இதை அம்மம்மாவுக்குச் சொன்னேன். "நாங்களும்தான்" என்றா, குழம்பைக் கிண்டியபடி.

கடைசிச் சனிக்கிழமை நான் போனபோது குசினியில் பாதி பெட்டிக்குள் போய்விட்டது. சுவரில் கலண்டர் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. கொப்பியைக் கொண்டுபோயிருந்தேன், ஆனால் எடுக்க மனம் வரவில்லை. அம்மம்மா ஒரு பெட்டியின் டேப்பைக் கத்தியால் வெட்டினா. பழைய பேப்பர் சுற்றிய ஒன்றை எடுத்து, பேப்பரை உரித்து, மேசையில் வைத்தா. மூக்குப்பேணி.

"முதல் கீறினது சரியில்லை. திருப்பிக் கீறு."

வோட்டர்கலரில் வெள்ளை நிறம் தீட்டுவதில்லை. மினுங்குகிற இடத்தில் தாளை அப்படியே விட்டுவிடவேண்டும். பித்தளை மினுங்குகிற இடங்களைத் தீட்டாமல் விடுவதுதான் எனக்குக் கஷ்டம், கை போய்ப் போய் நிரப்பப் பார்க்கும். அன்றைக்கு மூன்று இடங்களில் விட்டேன். மூக்கைக் கீற முன் அம்மம்மா பேணியில் தண்ணீர் ஊற்றி, அண்ணாந்து, சரித்துக் காட்டினா. ஒரு துளி கூடச் சிந்தவில்லை. மூக்கு எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று அப்போதுதான் பார்த்தேன். ஒரு வருடமாக எதிரில் இருந்தது.

கீறி முடித்துக் காயவிட்டேன். அவ கண்ணாடியைப் போட்டுப் பார்த்தா.

"ம். இப்ப தண்ணி விழும்."

முதல் படத்தைக் கிழித்துவிடவா என்று கேட்டேன். விடவில்லை. அது இப்போது ஹரோவில் எங்கள் பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. வருகிற ஆட்களுக்கு அம்மம்மா அதைத்தான் காட்டுகிறா. வாத்து என்றுதான் சொல்கிறா.